கடுகளவு வேறுபாடு

நுழையும்முன்

வில்லாற்றலைப் போற்றிய மரபு தமிழ் மரபு. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்துச் சென்ற செய்தியைப் புறநானூறு பதிவு செய்துள்ளது. அன்று வேட்டையிலும் போரிலும் மதிப்புப் பெற்ற குறிபார்க்கும் திறன், இன்று உயிர்க்கொலை நீங்கிய விளையாட்டாக வளர்ந்து நிற்கிறது. விலங்கு இருந்த இடத்தில் இப்போது ஒரு சிறு வட்டம் இருக்கிறது. அவ்வட்டத்தை வாழ்வின் இலக்காகக் கொண்ட தமிழ்ப்பெண் ஒருவரின் பயணத்தையும், அவர் ஆடும் விளையாட்டின் நுட்பத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பத்து மீட்டர் தொலைவு

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில் உள்ளது கீழ்பென்னாத்தூர். அங்குப் பயிலும் மாணவர் ஒருவர் தம் பள்ளித் திடலில் பத்து மீட்டர் நீளத்தை அளந்து கோடு போடுவதாகக் கொள்வோம். ஒரு முனையில் அவர் நிற்கிறார். மறுமுனையில், தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில், ஓர் அட்டை தொங்குகிறது. அவ்வட்டையின் நடுவே கூர்மையான எழுதுகோலால் அரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு புள்ளி வைக்கப்பட்டுள்ளது. நின்ற இடத்திலிருந்து அப்புள்ளியைக் கண்ணால் காண்பதே இயலாது. ஆனால், ‘பத்து மீட்டர் காற்றுத்துப்பாக்கி’ என்னும் ஒலிம்பிக் போட்டியில் சுடவேண்டிய நடுமையம் அதுதான்.

நடுமையத்தைச் சுற்றி வட்டங்கள் உள்ளன. எல்லாவற்றிற்கும் வெளியே உள்ள வட்டத்தின் விட்டம் 45.5 மில்லிமீட்டர். அதனைத் தொட்டால் ஒரு புள்ளி. உள்ளே செல்லச் செல்ல ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு புள்ளி கூடும். ஒரு வட்டத்திற்கும் அடுத்த வட்டத்திற்கும் உள்ள இடைவெளி 2.5 மில்லிமீட்டர் மட்டுமே. இன்றைய போட்டிகளில் மின்னணு இலக்குகள் இவ்விடைவெளியையும் பத்தாகப் பகுத்து அளக்கின்றன. ஆகவே, ஒரு புள்ளியின் பத்தில் ஒரு பங்கு என்பது இலக்கில் கால் மில்லிமீட்டர் ஆகும். குண்டு நடுமையத்தில் மிகச் சரியாகப் பாய்ந்தால் கிடைப்பது 10.9 புள்ளிகள். ஒரு குண்டுக்கு இதற்கு மேல் யாரும் பெற இயலாது.

பயன்படுத்தப்படும் ஈயக்குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். துப்பாக்கியில் வெடிமருந்து கிடையாது. அழுத்தி அடைக்கப்பட்ட காற்று, விசையை இழுத்தவுடன் விடுபட்டுக் குண்டை உந்தித் தள்ளுகிறது. துப்பாக்கியின் எடை 5.5 கிலோகிராமுக்கு மிகக்கூடாது. தொலைவைப் பெருக்கிக் காட்டும் உருப்பெருக்கி ஆடியைப் பொருத்தவும் விதிகள் இடம் தருவதில்லை. துப்பாக்கியின் பின்புறமுள்ள சிறு துளையின் வழியாக முன்புறமுள்ள வளையத்தைக் காணவேண்டும். அவ்வளையத்தின் நடுவே இலக்கின் கரிய வட்டம் அமையவேண்டும். வட்டத்தினுள் வட்டம், அதனுள் வட்டம் என மூன்றும் ஒரே மையத்தில் பொருந்தும் கணத்தில் விசையை இழுக்கவேண்டும்.

அசையாமை என்னும் ஆற்றல்

மற்ற விளையாட்டுகளில் உடலின் இயக்கமே வெற்றியைத் தருகிறது. ஓட்டக்காரர் விரைகிறார், தாண்டுபவர் எழுகிறார், மல்லர் மோதுகிறார். துப்பாக்கிச் சுடுதலிலோ இயங்காமையே ஆற்றல். உடல் முற்றிலும் அசையாமல் நிற்பது எவர்க்கும் இயலாது. மூச்சு மார்பை உயர்த்தித் தாழ்த்துகிறது. இதயத்துடிப்பு குருதிநாளங்கள் வழியே கை விரல் வரை அதிர்வை அனுப்புகிறது. கால்களில் உடலின் எடை இடமும் வலமுமாக இடையறாது மாறிக்கொண்டே இருக்கிறது. இவ்வசைவுகளை முற்றிலும் நீக்க முடியாது. குறைக்க முடியும், அவற்றின் ஒழுங்கை அறிந்துகொள்ள முடியும்.

அதற்காகவே துப்பாக்கிச் சுடுபவர் விறைப்பான தடித்த மேற்சட்டையும் காற்சட்டையும் அணிகிறார். தட்டையான அடிப்பகுதி கொண்ட காலணி, நிற்கும் நிலைக்கு உறுதி தருகிறது. துப்பாக்கியைத் தாங்கும் கையின் முழங்கை இடுப்பெலும்பின் மீது படிகிறது. தசை களைப்படையும்; எலும்பு களைப்படையாது. ஆகவே, துப்பாக்கியின் எடையை எலும்புக்கூட்டின் வழியாகத் தரைக்கு இறக்குவதே நிற்கும் முறையின் அடிப்படை. மூச்சைப் பாதி வெளிவிட்டுச் சில நொடிகள் நிறுத்தி, அந்த அமைதிக்குள் விசையை மெல்ல அழுத்துகின்றனர். குண்டு வெளியேறிய பின்னும் அதே நிலையில் நிற்றல் வேண்டும். சுட்டவுடன் முடிவைக் காணும் ஆவலில் தலையைத் தூக்குபவரின் உடல், சுடுவதற்கு முன்பே அந்த அசைவுக்கு ஆயத்தமாகிவிடும். அதன் விளைவு இலக்கில் தெரியும்.

ஒரு குண்டுக்கு இவ்வளவு செயல்கள். தகுதிச் சுற்றில் அறுபது குண்டுகள். அவற்றைச் சுட வழங்கப்படும் காலம் 75 நிமிடங்கள். முன்பு மகளிர் நாற்பது குண்டுகளே சுட்டனர். 2018ஆம் ஆண்டு முதல் ஆடவரைப் போலவே மகளிரும் அறுபது குண்டுகள் சுடுகின்றனர். அறுபதுக்கும் சேர்த்துப் பெறக்கூடிய மிகுதியான புள்ளிகள் 654.0. தகுதிச் சுற்றில் முதல் எட்டு இடங்களைப் பெறுவோர் இறுதிச் சுற்றுக்குச் செல்வர். அங்கு முந்தைய புள்ளிகள் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. எண்மரும் சுழியத்திலிருந்து தொடங்குவர். பன்னிரண்டு குண்டுகளுக்குப் பிறகு, ஒவ்வோர் இரண்டு குண்டுக்கும் கடைசி இடத்திலுள்ள ஒருவர் வெளியேறுவார். இருபத்து நான்காவது குண்டில் தங்கமும் வெள்ளியும் முடிவாகும்.

தெரியுமா?

துப்பாக்கிச் சுடுதல், 1896ஆம் ஆண்டு ஏதென்ஸில் நடைபெற்ற முதல் நவீன ஒலிம்பிக் போட்டியிலேயே இடம்பெற்றது. பத்து மீட்டர் காற்றுத்துப்பாக்கிப் பிரிவு, 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஆடவர், மகளிர் ஆகிய இருபாலர்க்கும் சேர்க்கப்பட்டது.

பாதை அமைத்தவர்கள்

இந்தியத் தேசியத் துப்பாக்கிச் சுடுதல் சங்கம் 1951ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பிகானேர் அரச குடும்பத்தைச் சேர்ந்த கர்ணி சிங், ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவின் சார்பில் பங்கேற்றார். 1962ஆம் ஆண்டு கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அக்காலத்தில் இவ்விளையாட்டு பெரும்பாலும் அரச குடும்பத்தினர், படைத்துறையினர் ஆகியோரின் கைகளிலேயே இருந்தது.

ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் துப்பாக்கிச் சுடுதல் பதக்கத்தை 2004ஆம் ஆண்டு ஏதென்ஸில் ராஜ்யவர்தன் சிங் ரத்தோர் வென்றார். அதே ஏதென்ஸில், பத்து மீட்டர் காற்றுத்துப்பாக்கியின் இறுதிச் சுற்றை எட்டிய அபினவ் பிந்த்ரா ஏழாம் இடத்திலேயே நின்றார். நான்கு ஆண்டுகள் கழித்து, 2008ஆம் ஆண்டு பெய்ஜிங்கில், அவரே தங்கம் வென்றார். தனிநபர் பிரிவில் இந்தியா பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது. அன்று இறுதிக் குண்டுக்கு அவர் பெற்ற புள்ளிகள் 10.8.

பிந்த்ரா தங்கம் வென்ற அதே போட்டியில் மற்றோர் இந்தியரும் இருந்தார். அவர் சென்னையில் பிறந்து ஐதராபாத்தில் வளர்ந்த ககன் நாரங். தகுதிச் சுற்றில் 600க்கு 595 புள்ளிகள் பெற்றார். எட்டாம் இடத்திற்கு உரியவரும் அதே 595 புள்ளிகளையே பெற்றிருந்தார். சமநிலையைத் தீர்க்கும் விதிப்படி நாரங் ஒன்பதாம் இடத்திற்குத் தள்ளப்பட்டார். ஒரு புள்ளியும் குறையாமல் இறுதிச் சுற்றை இழந்த அவர், 2012ஆம் ஆண்டு இலண்டனில் வெண்கலம் வென்றார். தாம் ஏற்படுத்திய பயிற்சிக்கழகத்தின் வழியாக இளைஞர்களையும் உருவாக்கினார். அவ்வாறு உருவானவர்களுள் ஒருவரே இளவேனில் வாலறிவன்.

கடலூரிலிருந்து அகமதாபாத்துக்கு

திருவண்ணாமலை மாவட்டத்தின் சாத்தனூர் அணையைக் கடந்து ஓடிவரும் தென்பெண்ணை, கடலூர் அருகே வங்கக்கடலில் கலக்கிறது. அந்தக் கடலூரில் 1999ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் இளவேனில் பிறந்தார். சித்திரை, வைகாசித் திங்களுக்கு உரிய பெரும்பொழுதின் பெயர் அவர்க்குச் சூட்டப்பட்டது. தந்தையின் பெயரான வாலறிவன் என்பது திருக்குறளின் கடவுள் வாழ்த்து அதிகாரத்தில் இடம்பெறும் சொல்; தூய அறிவினன் என்பது அதன் பொருள். உலகப் போட்டிகளின் அறிவிப்புப் பலகைகளில் பல மொழிப் பெயர்களுக்கு இடையே இவ்விரு தமிழ்ச்சொற்களும் ஒளிரும்போது, தமிழறிந்தோர்க்கு அது தனி மகிழ்ச்சி.

இளவேனிலின் சிறுவயதிலேயே குடும்பம் குஜராத் மாநிலத்தின் அகமதாபாத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்குப் பள்ளிப் பருவத்தில் அவர் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். ககன் நாரங்கின் பயிற்சிக்கழகத்தில் சேர்ந்து, பயிற்சியாளர் நேகா சவானிடம் இக்கலையைக் கற்றார். பிறந்த மண் ஒன்று, வளர்ந்த மண் ஒன்று. 2022ஆம் ஆண்டு குஜராத்தில் நடைபெற்ற தேசிய விளையாட்டுப் போட்டியில் அவர் அம்மாநிலத்தின் சார்பிலேயே தங்கம் வென்றார். பெயரால் தமிழையும், பயிற்சியால் குஜராத்தையும், சீருடையால் இந்தியாவையும் ஒருங்கே தாங்கி நிற்பவர் அவர்.

எழுச்சி

2018ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் இளையோர் உலகக் கோப்பைப் போட்டி நடைபெற்றது. பதினெட்டு வயது நிரம்பிய இளவேனில், தகுதிச் சுற்றில் 631.4 புள்ளிகள் பெற்று இளையோர்க்கான உலகச் சாதனை படைத்தார். இறுதிச் சுற்றில் தங்கமும் வென்றார்.  அதே ஆண்டில் தென்கொரியாவின் சாங்வோன் நகரில் நடந்த உலகப் போட்டியின் இளையோர் பிரிவில் தனிநபர் வெள்ளியும் அணிக்கான தங்கமும் கிடைத்தன.

இளையோர் பிரிவில் ஒளிர்ந்த பலர் மூத்தோர் பிரிவில் தடுமாறுவது உண்டு. இளவேனில் அத்தடையை விரைவில் கடந்தார். 2019ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், தமக்கு இருபது வயது நிறைந்த சில நாள்களில், பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் நடைபெற்ற உலகக் கோப்பையில் 251.7 புள்ளிகளுடன் தங்கம் வென்றார். பத்து மீட்டர் காற்றுத்துப்பாக்கியில் உலகக் கோப்பைத் தங்கம் பெற்ற இந்திய மகளிர் வரிசையில் அஞ்சலி பாகவத், அபூர்வி சண்டேலா ஆகியோர்க்கு அடுத்து அவர் மூன்றாமவர் ஆனார்.

அவ்வாண்டின் நவம்பரில், சீனாவின் புதியான் நகரில் உலகக் கோப்பை இறுதிப் போட்டி நடைபெற்றது. ஆண்டு முழுவதும் சிறந்து விளங்கியவர்கள் மட்டுமே பங்கேற்கும் போட்டி அது. இறுதிச் சுற்றின் முடிவில் இளவேனிலின் புள்ளிகள் 250.8. இரண்டாமிடம் பெற்ற தைவான் வீராங்கனை லின் யிங்ஷின்னின் புள்ளிகள் 250.7. இருபத்து நான்கு குண்டுகளுக்கும் சேர்த்து இருவர்க்கும் இடையே இருந்த வேறுபாடு 0.1. இலக்கின் மீது அளந்தால் அது கால் மில்லிமீட்டர். அந்தக் கால் மில்லிமீட்டர் அவருக்குத் தங்கம் தந்தது. உலகத் தரவரிசையின் முதலிடத்தையும் அவர் எட்டினார்.

டோக்கியோவும் பாரிஸும்

ஒலிம்பிக் போட்டிக்கான தகுதியிடத்தை வீரர் ஒருவர் வென்றாலும் அது அவருடைய நாட்டுக்கே உரியதாகும்; அவ்விடத்தில் யாரை அனுப்புவது என்பதைத் தேசியச் சங்கமே முடிவு செய்யும். தொடர்ந்து சிறந்த புள்ளிகள் பெற்றுவந்த இளவேனில், டோக்கியோ ஒலிம்பிக்கிற்கான இந்திய அணியில் தேர்வு செய்யப்பட்டார். பெருந்தொற்றால் அப்போட்டி 2020லிருந்து 2021க்குத் தள்ளிவைக்கப்பட்டது. சுடுதளங்கள் மூடப்பட்டன. பன்னாட்டுப் போட்டிகள் ஓராண்டுக் காலம் பெரும்பாலும் நின்றுபோயின. உச்சநிலையில் இருந்த பலர்க்கும் அவ்விடைவெளி ஒரு சோதனையாக அமைந்தது.

2021ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் புதுதில்லி உலகக் கோப்பையின் கலப்பு அணிப் பிரிவில், திவ்யான்ஷ் சிங் பன்வாருடன் இணைந்து இளவேனில் தங்கம் வென்றார். எதிர்பார்ப்பு உயர்ந்தது. ஆனால், சூலைத் திங்கள் 24ஆம் நாள் டோக்கியோவின் தகுதிச் சுற்றில் 626.5 புள்ளிகள் பெற்று 16ஆம் இடத்தையே அவரால் அடைய முடிந்தது. கலப்பு அணிப் பிரிவிலும் இறுதிக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டவில்லை. துப்பாக்கிச் சுடுதலில் ஒரு பதக்கமும் இன்றி இந்திய அணி நாடு திரும்பியது.

அடுத்த ஆண்டு அஜர்பைஜானின் பாகு நகரில் ரமிதா, சிரேயா அகர்வால் ஆகியோருடன் இணைந்து உலகக் கோப்பையின் அணிப் பிரிவில் தங்கம் பெற்றார். 2022ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2023இல் ஹாங்சோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான காற்றுத்துப்பாக்கி அணியில் அவருக்கு இடமில்லை. ஆசியப் போட்டி தொடங்குவதற்குச் சில நாள்களுக்கு முன், அதே ரியோ டி ஜெனிரோவில், 252.2 புள்ளிகளுடன் உலகக் கோப்பைத் தங்கத்தை இரண்டாம் முறையாக வென்றார்.

பாரிஸ் ஒலிம்பிக்கிற்கான இந்திய அணியைத் தேர்ந்தெடுக்க, 2024இல் தில்லியிலும் போபாலிலும் நான்கு தேர்வுப் போட்டிகள் நடைபெற்றன. அவற்றில் முன்னிலை பெற்று இளவேனில் மீண்டும் ஒலிம்பிக் சென்றார். இந்தியக் குழுவின் தலைவராக அங்குச் சென்றிருந்தவர் ககன் நாரங். சூலை 28ஆம் நாள் மகளிர் தகுதிச் சுற்று. உடன் சுட்ட ரமிதா 631.5 புள்ளிகளுடன் ஐந்தாம் இடம் பெற்று இறுதிச் சுற்றுக்குச் சென்றார். இளவேனிலின் புள்ளிகள் 630.7. இடம் பத்தாவது. முதல் எட்டு இடங்களுக்குள் அவரால் வர இயலவில்லை.

இவ்வெண்களைச் சற்று ஆராய்வோம். ஐந்தாம் இடத்திற்கும் பத்தாம் இடத்திற்கும் இடையே இருந்த வேறுபாடு 0.8 புள்ளி. பத்தில் ஒரு புள்ளிக்குக் கால் மில்லிமீட்டர் என்று கொண்டால், 0.8 புள்ளிக்கு ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர். இது ஒரு குண்டின் விலகல் அன்று. அறுபது குண்டுகளின் விலகலையும் ஒன்றுசேர்த்துக் கிடைத்த வேறுபாடு. நம் வழக்கில் கடுகளவு என்கிறோமே, ஏறத்தாழ அந்த அளவு. இளவேனில் சுட்ட குண்டுகளின் சராசரி 10.51 புள்ளி. அதாவது, பத்து மீட்டர் தொலைவிலிருந்து ஒன்றேகால் மணிநேரம் நின்று சுட்டபோது, நடுமையத்திலிருந்து சராசரியாக ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தொலைவுக்குள்ளேயே அவருடைய குண்டுகள் பாய்ந்தன. அத்தகைய சுடுதலே பத்தாம் இடம் பெற்றது. ஆறாண்டுகளுக்கு முன் சிட்னியில் பதினெட்டு வயதில் அவர் பெற்ற புள்ளிகள் இதைவிட 0.7 மிகுதி.

நாளிதழ்களில் ‘வெளியேறினார்’ என்னும் ஒற்றைச் சொல்லில் இச்செய்தி முடிந்திருக்கலாம். அச்சொல்லுக்குள் இருந்த வேறுபாடு எவ்வளவு சிறியது என்பதை அளந்து அறிபவர்க்கே இவ்விளையாட்டின் கடுமை விளங்கும். புதியானில் கால் மில்லிமீட்டர் அவரை உயர்த்தியது; பாரிஸில் கடுகளவு வேறுபாடு அவரைத் தடுத்தது. இரு நாள்களிலும் நின்றவர் ஒருவரே, உழைப்பும் ஒன்றே. வெற்றியைக் கொண்டு மட்டும் ஒருவரின் திறனை மதிப்பிடுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மீண்டும் சுடுதளத்தில்

பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர், சரப்ஜோத் சிங், ஸ்வப்னில் குசாலே ஆகியோரால் இந்தியத் துப்பாக்கிச் சுடுதலுக்கு மூன்று வெண்கலப் பதக்கங்கள் கிடைத்தன. பதக்கமின்றித் திரும்பிய இளவேனில் துப்பாக்கியைக் கீழே வைத்துவிடவில்லை. 2025ஆம் ஆண்டு சூன் திங்களில் ஜெர்மனியின் மியூனிக் நகர உலகக் கோப்பையில் வெண்கலம் பெற்றார்.

ஆகஸ்டுத் திங்களில் கசகஸ்தானின் சிம்கெண்ட் நகரில் ஆசியத் துப்பாக்கிச் சுடுதல் போட்டி நடைபெற்றது. இறுதிச் சுற்றில் அவர் பெற்ற புள்ளிகள் 253.6. அது தங்கத்தையும் ஆசியச் சாதனையையும் ஒருங்கே தந்தது. ஒரு குண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 10.57 புள்ளிகள். அர்ஜுன் பபுதாவுடன் இணைந்து கலப்பு அணிப் பிரிவிலும் தங்கம் வென்றார். நவம்பரில் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் 232.0 புள்ளிகளுடன் வெண்கலம் பெற்றார். இளையோர் பிரிவில் உலகப் போட்டியின் மேடை ஏறி ஏழாண்டுகள் கழிந்த பின், மூத்தோர் பிரிவின் தனிநபர் மேடையிலும் அவர் நின்றார்.

இம்மீட்சிக்கு அடிப்படை என்ன? துப்பாக்கிச் சுடுபவர் ஒவ்வொரு குண்டுக்கும் அதே வரிசையில் அதே செயல்களைச் செய்யப் பழகுகிறார். சென்ற குண்டு 10.9 ஆயினும் 9.8 ஆயினும், அடுத்த குண்டுக்கு முன் கால்களின் நிலை, முழங்கை, மூச்சு, கண், விரல் என மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். சென்ற குண்டின் மகிழ்ச்சியும் வருத்தமும் இதயத்துடிப்பை உயர்த்தும். உயர்ந்த துடிப்பு குழலின் முனையை அசைக்கும். ஆகவே, கடந்ததை விடுத்து அடுத்ததைத் தொடங்குதல் என்பது இங்கு அறிவுரை அன்று. செய்து பழகும் தொழில்நுட்பம். ஒரு குண்டுக்கும் மறு குண்டுக்கும் இடையே பழகிய இதனை, ஓர் ஒலிம்பிக்கிற்கும் அடுத்த போட்டிக்கும் இடையே கையாண்டதாக இளவேனிலின் பயணத்தைக் கொள்ளலாம். அவருடைய வழிகாட்டியான ககன் நாரங்கும் பெய்ஜிங்கிற்கும் இலண்டனுக்கும் இடையே கடந்தது இந்தத் தொலைவைத்தான்.

வாய்ப்பின் வாயில்

பன்னாட்டுத் தரமுடைய காற்றுத்துப்பாக்கியின் விலை சில இலட்சம் ரூபாய். உடை, காலணி, குண்டுகள், பயணம் ஆகியவற்றின் செலவு தனி. எளிய குடும்பத்து மாணவர் ஒருவர்க்கு இது பெருந்தடை என்பதை மறைக்க இயலாது. அரண்மனைகளில் தொடங்கிய இவ்விளையாட்டு ஊர்ப்புறங்களை வந்தடைய வேண்டுமானால், தனிமனித முயற்சி மட்டும் போதாது. பொது ஏற்பாடும் தேவை. பாரிஸில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே, மகாராட்டிரத்தின் கோலாப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் பிறந்தவர், ஆசிரியரின் மகன். அம்மாநில அரசின் விளையாட்டுப் பயிற்சித் திட்டமே அவரைச் சுடுதளத்திற்குக் கொண்டுசேர்த்தது. பின்னர் இரயில்வேயில் பயணச்சீட்டு ஆய்வாளராகப் பணியாற்றியபடி அவர் பயிற்சியைத் தொடர்ந்தார்.

தமிழகத்திலிருந்தும் இத்துறையில் பலர் ஒளிர்கின்றனர். நர்மதா நிதின், 2023ஆம் ஆண்டு கெய்ரோ உலகக் கோப்பையின் கலப்பு அணிப் பிரிவில் ருத்ராங்க்ஷ் பாட்டீலுடன் இணைந்து தங்கம் வென்றார். புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக்கில் பறக்கும் தட்டைச் சுடும் பிரிவில் பங்கேற்றார். பள்ளி, கல்லூரி மாணவர்க்குத் தேசிய மாணவர் படை ஒரு வாயிலைத் திறந்து வைத்துள்ளது. அதில் சேர்வோர்க்குத் துப்பாக்கியைக் கையாளும் முறையும் குறிபார்த்துச் சுடும் பயிற்சியும் முறையாகக் கற்பிக்கப்படுகின்றன.

அப்பயிற்சியின் முதற்பாடம் சுடுதல் அன்று; பாதுகாப்பு. குண்டு இருப்பினும் இல்லாவிடினும், இலக்கைத் தவிர வேறு எத்திசையிலும் துப்பாக்கியைத் திருப்புதல் கூடாது. பயிற்சியாளரின் கட்டளையின்றி விசையின் மீது விரல் படுதல் கூடாது. கருவியின் ஆற்றலை அறிந்தவர்க்கே அதனை அடக்கும் பொறுப்பும் உரியது என்பதை இவ்விதிகள் உணர்த்துகின்றன.

நிறைவாக

கீழ்பென்னாத்தூரின் பள்ளித் திடலில் பத்து மீட்டர் கோடு போட்ட மாணவரிடம் மீண்டும் வருவோம். கோட்டின் மறுமுனையிலுள்ள புள்ளி இப்போதும் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால், அதனைச் சுற்றியுள்ள கரிய வட்டம் தெரிகிறது. வட்டத்தை நடுவில் நிறுத்தினால் புள்ளி தானே நடுவில் அமையும். காணக்கூடியதைச் சரியாகச் செய்வதன் வழியாகக் காணமுடியாததை அடைவதே இவ்விளையாட்டின் முறை. கல்வியும் பெரும்பாலும் அவ்வாறே அமைகிறது. தேர்வு முடிவு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இன்று படிக்கவேண்டிய பாடம் தெரிகிறது.

கடுகளவில் இழப்பதும் கடுகளவில் வெல்வதும் எவர்க்கும் நேரும். கடலூரில் பிறந்த இளவேனில், இரண்டும் நேர்ந்த பின்னும் அடுத்த குண்டுக்காக மீண்டும் கால்களை ஊன்றி நின்றவர். அந்த நிலைப்பாடே அவரிடமிருந்து நாம் கற்கத்தக்கது.

கற்பவை கற்றபின்…

1. அரை மில்லிமீட்டர், கால் மில்லிமீட்டர், 4.5 மில்லிமீட்டர் ஆகிய அளவுகளை வரைந்து, உங்கள் வகுப்பறையில் பத்து மீட்டர் தொலைவிலிருந்து கண்டு, நீங்கள் உணர்ந்ததை ஒரு பத்தியில் எழுதுக.

2. வெற்றி பெறாத விளையாட்டு வீரர் ஒருவரின் உழைப்பைப் பாராட்டி நாளிதழ் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுக.

3. ‘விளையாட்டில் சிறக்கத் துணைபுரிவது தனிமனித முயற்சியா? பொது ஏற்பாடா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

4. உங்கள் மாவட்டத்திலிருந்து மாநில, தேசிய அளவில் சிறந்து விளங்கும் வீரர், வீராங்கனையர் பற்றிய செய்திகளைத் திரட்டித் தொகுப்பேடு உருவாக்குக.